கேட்காமல் அகற்றும் அப்டேட்டுகள்: எங்கள் கணினி யாருடையது?

2025 ஒக்டோபர் நடுப்பகுதியில், வன்னியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கூடுகின்ற ஒரு சிறிய அலுவலகத்துக்கு நேர்காணல் ஒன்றுக்காகப் போயிருந்தேன். ஒரு மேசை, சில பிளாஸ்டிக் கதிரைகள், சுவரில் வரிசையாகப் புகைப்படங்கள். மேசையில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணினி ஒன்று. நான் குரல்பதிவுக் கருவியை எடுத்து வைப்பதற்குள், அங்கிருந்த அம்மா ஒருவர் கணினித் திரையைக் காட்டி என்னிடம் கேட்டார்.

“பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள்தானே. உதை அமத்தட்டோ, விடட்டோ?”

திரையில் இருந்தது விண்டோஸ் 10க்கான ஆதரவு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைகிறது என்ற அறிவித்தல். கீழே இரண்டு பொத்தான்கள். எல்லாமே ஆங்கிலத்தில். அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் குறுக்கிட்டுச் சொன்னார்: “அக்கா, நான் அப்டேட் எல்லாத்தையும் நிப்பாட்டித்தான் வச்சிருக்கிறன். செய்தால் இருக்கிறதும் போயிடும் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள்.”

அந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஆணைக்குழுக்களுக்கும் அமைச்சுகளுக்கும் ஜெனீவாவுக்கும் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பின்னர் பரணகம ஆணைக்குழு, அதன்பின் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் அதே விபரத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. துண்டுப்பிரசுரங்கள் சில பேஜ்மேக்கரில் செய்யப்பட்டவை. மூலத்தாள்கள் பல கறையானிலும் இடப்பெயர்விலும் போய்விட்டன. இப்போது இருப்பது இந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான்.

அம்மாவின் கேள்விக்கு அன்று என்னால் உடனடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “கொஞ்சம் பொறுங்கோ, பார்த்துச் சொல்லுறன்” என்று மட்டும் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவு. தேடத் தேட, அது ஓர் அலுவலகத்தின் ஒரு கணினியைப் பற்றிய கேள்வியாக மட்டும் எனக்குத் தெரியவில்லை. காசு கொடுத்தோ நன்கொடையாகவோ எங்கள் கைக்கு வந்த ஒரு பொருளுக்குள், எங்களிடம் கேட்காமல் இன்னொருவர் வந்து எதையாவது எடுத்துப்போக முடியுமா என்ற கேள்வி அது.

முடியும் என்பதுதான் பதில். பலமுறை நடந்திருக்கிறது.

2015: காணாமற்போன மென்பொருட்கள்

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29ஆம் திகதி. அதன் முதலாவது பெரிய இற்றைப்படுத்தல், அதாவது அப்டேட், அதே ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி வந்தது. அதை நிறுவிய பயனர்கள் பலர் கணினியைத் திரும்ப இயக்கியபோது, தாங்கள் நிறுவி வைத்திருந்த சில மென்பொருட்கள் அங்கே இல்லாதிருப்பதைக் கண்டார்கள். கணினியின் உட்பாகங்களைப் பற்றிய விபரங்களைக் காட்டும் சிபியு-இசட், ஸ்பெசி போன்றவை அவற்றில் சில. அகற்றப் போகிறோம் என்ற முன்னறிவித்தல் இல்லை. வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியும் இல்லை. அகற்றப்பட்ட மென்பொருளைத் திரும்பவும் இறக்கி நிறுவியவர்களில் பலருக்கு அது வழமைபோல வேலை செய்தது. அப்படியானால் ஏன் அகற்றினார்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வது முக்கியம். மாதாந்தம் வருகின்ற சிறிய பாதுகாப்புத் திருத்தங்கள், கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது போன்றவை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை வருகின்ற பெரிய அப்டேட் அப்படிப்பட்டதல்ல. அது பல தடவைகளில் புதிய இயங்குதளம் ஒன்றை முழுமையாக நிறுவுகிறது. பழையதை ஒரு கோப்புறைக்குள் ஒதுக்கி வைத்துவிட்டு, அதிலிருந்து உங்கள் கோப்புகளையும் மென்பொருட்களையும் ஒவ்வொன்றாகப் புதியதற்குள் கொண்டுவருகிறது. வீடு மாறுவதைப் போன்றது. எதை ஏற்றுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பது நீங்களல்ல, லொறிக்காரர். பொருந்தாது என்று அவர் கருதுவது பழைய வீட்டிலேயே நின்றுவிடும். அந்தப் பழைய வீட்டுக்கும் ஒரு தவணை உண்டு. ஆரம்பத்தில் 30 நாட்கள் வரை பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகலாம் என்று இருந்தது. 2016இல் வந்த அப்டேட்டுடன் அது 10 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் பழையது தானாகவே அழிந்துவிடும்.

மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கப்படும் ஓர் அலுவலகக் கணினிக்கு 10 நாட்கள் என்பது என்ன? எதுவோ இல்லை என்று கவனிக்கும்போதே தவணை முடிந்திருக்கும்.

2018: காணாமற்போன கோப்புகள்

மென்பொருள் போனால் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். நாங்களே உருவாக்கிய கோப்பு போனால்?

2018 ஒக்டோபர் 2ஆம் திகதி விண்டோஸ் 10இன் 1809 என்ற பதிப்பு வெளியிடப்பட்டது. சில நாட்களுக்குள்ளேயே, டொக்கியுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளில் இருந்த தங்கள் கோப்புகள் முற்றாக அழிந்துவிட்டதாகப் பயனர்கள் முறையிடத் தொடங்கினார்கள். மைக்ரோசொப்ட் அந்த அப்டேட்டை இடைநிறுத்தியது. காரணத்தையும் பின்னர் வெளிப்படையாக விளக்கியது.

கணினியில் இடம் போதாதபோது பலர் டொக்கியுமெண்ட்ஸ் கோப்புறையை ‘சி’ பகுதியிலிருந்து ‘டி’ பகுதிக்கு மாற்றுவார்கள். அப்படி மாற்றும்போது பழைய இடத்திலும் அதே பெயரில் ஒரு கோப்புறை நின்றுவிடும். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருப்பது குழப்பமாக இருக்கிறது என்று பயனர்கள் சிலர் முறையிட்டிருந்தார்கள். அதைத் தீர்ப்பதற்காக, பழைய இடத்தில் இருக்கும் வெற்றுக் கோப்புறையை அகற்றும் கட்டளை ஒன்று இந்த அப்டேட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் பலரது கணினியில் அந்தப் பழைய கோப்புறை வெறுமையாக இருக்கவில்லை. அதற்குள் கோப்புகள் இருந்தன. கட்டளை கோப்புறையையும் அழித்தது, உள்ளே இருந்தவற்றையும் அழித்தது.

பாதிக்கப்பட்டதாக முறையிட்டவர்கள், அந்தப் பதிப்பை நிறுவியவர்களில் நூற்றில் ஒரு வீதத்தின் நூறில் ஒரு பங்கு, அதாவது பத்தாயிரத்தில் ஒருவர் என்று மைக்ரோசொப்ட் சொன்னது. கோப்புகளை இழந்தவர்கள் கணினியை மேற்கொண்டு பாவிக்காமல் உதவிப் பிரிவை அழைக்கும்படியும் கேட்டுக்கொண்டது. திருத்தப்பட்ட பதிப்பு நவம்பர் 13ஆம் திகதி மீண்டும் வெளியிடப்பட்டது.

இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. பொதுமக்களுக்கு விடுவதற்கு முன்னர் இந்தப் பதிப்பைப் பரீட்சித்துப் பார்த்த தன்னார்வலர்களில் சிலர், கோப்புகள் அழிவதாக மாதங்களுக்கு முன்னரே அறிவித்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான முறைப்பாடுகளுக்கிடையில் அவை யாருடைய கண்ணிலும் படவில்லை. சம்பவத்துக்குப் பிறகு, பிரச்சினை எவ்வளவு பாரதூரமானது என்பதைக் குறிப்பிடும் வசதியை முறைப்பாட்டுப் படிவத்தில் மைக்ரோசொப்ட் சேர்த்தது. ஒரு முறைப்பாடு கிடைப்பதற்கும் கவனிக்கப்படுவதற்கும் இடையிலுள்ள தூரம் எங்களுக்குப் புதிதல்ல.

பத்தாயிரத்தில் ஒருவர் என்பது கணக்கில் சிறிய எண்தான். ஆனால் கோடிக்கணக்கான கணினிகளில் அது சிறிய எண் அல்ல. அந்த ஒருவருக்கு அது நூறு வீதம். காணாமல்போன ஒருவரைப் பற்றி நாட்டின் சனத்தொகையின் வீதாசாரத்தில் பேசுவதை இந்த வாசகர்கள் எவ்வளவு காலமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு இழப்புகளும் ஒன்றல்ல, ஒப்பிடவும் கூடாது. ஆனால் வீதாசாரத்துக்குள் ஒருவரை மறைக்கும் பழக்கம் இரண்டு இடங்களிலும் இருக்கிறது.

“நீங்கள் சம்மதித்தீர்கள்”

இதற்கெல்லாம் யார் அனுமதி கொடுத்தது? நாங்கள்தான் கொடுத்தோம் என்பது நிறுவனங்களின் பதில்.

விண்டோஸ் 10இன் உரிம ஒப்பந்தத்தில், மேலதிக அறிவித்தல் எதுவுமின்றித் தானாக வரும் அப்டேட்டுகளைப் பெறுவதற்குப் பயனர் சம்மதிக்கிறார் என்ற வாசகம் இருக்கிறது. கணினியை முதன்முறை இயக்கும்போது ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தியவுடன் அந்தச் சம்மதம் பதிவாகிவிடுகிறது. பல பக்கங்கள் நீளும் ஒப்பந்தம் அது. நன்கொடைக் கணினியில் அதை அழுத்தியவர் யாரென்பதே தெரியாது. கொழும்பிலோ கனடாவிலோ இருந்த முன்னைய உரிமையாளராக இருக்கலாம்.

வாசிக்க முடியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் நடுவே எத்தனை பேர். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலங்கள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே வைத்த கையொப்பங்கள், பிறகு “நீதானே கையெழுத்திட்டாய்” என்ற கேள்வி. உரிம ஒப்பந்தத்துக்காக யாரையும் சிறையில் போடுவதில்லை. விளைவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனாலும் விளங்காத ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் சம்மதமாகுமா என்ற கேள்வியை எங்களைவிட நன்றாகக் கேட்கக்கூடியவர்கள் வேறு யார்?

சம்மதம் எவ்வளவு தூரம் வளைக்கப்படலாம் என்பதற்கு 2016 நல்ல உதாரணம். விண்டோஸ் 7, 8 பாவித்தவர்களை 10க்கு மாற்றுவதற்காக மைக்ரோசொப்ட் திரும்பத் திரும்ப அறிவித்தல் பெட்டியொன்றைத் திரையில் காட்டியது. எந்தப் பெட்டியிலும் மேல் மூலையில் உள்ள சிவப்புப் புள்ளடியை அழுத்தினால் அது ‘வேண்டாம்’ என்று பொருள்படும் என்பதுதான் இருபது வருடப் பழக்கம். அந்த ஆண்டு மே மாதமளவில், புள்ளடியை அழுத்தினாலும் ஏற்கெனவே குறிக்கப்பட்ட நேரத்தில் மாற்றம் நடக்கும் என்ற நிலை வந்தது. ‘மூடு’ என்று அழுத்தியவர் சம்மதித்தவராகக் கொள்ளப்பட்டார். எதிர்ப்புக் கிளம்பியபின், தெளிவாக மறுக்கும் வழி ஒன்றை நிறுவனம் கொடுத்தது. அதே ஆண்டு, தான் கேட்காமலே நடந்த மாற்றத்தால் தன் வியாபாரக் கணினி பழுதடைந்ததாகக் கலிபோர்னியாவில் பயண முகவர் நிலையம் நடத்திய பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் அவருக்கு 10,000 டொலர் கிடைத்தது. நிறுவனம் மேன்முறையீட்டைக் கைவிட்டது.

ஒரு நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டியில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவலாம் என்று விளம்பரம் செய்து விற்றது. 2010 ஏப்ரல் 1ஆம் திகதி வந்த அப்டேட் அந்த வசதியை நீக்கியது. சோனி முன்கூட்டியே அறிவித்தது என்பது உண்மை. ஆனால் அப்டேட்டை மறுப்பவர் இணையவழி விளையாட்டுச் சேவையை இழக்க வேண்டும். வாங்கும்போது இருந்த இரண்டு வசதிகளில் ஒன்றைக் கட்டாயம் கைவிடு என்பதற்குப் பெயர் தெரிவா? அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல்தான் 37.5 இலட்சம் டொலர் இணக்கத்துடன் முடிவுக்கு வந்தது. எட்டு வருடங்கள்.

அப்டேட்டே வேண்டாம் என்றால்?

இவ்வளவும் வாசித்தபின், அந்த இளைஞர் செய்தது சரிதானே, எல்லாவற்றையும் நிற்பாட்டிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அது தவறு.

2017 மே 12ஆம் திகதி வன்னக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குக் கப்பம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் 14ஆம் திகதி வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே அகப்பட்டன.

காணாமலாக்கப்பட்டோரின் விபரங்கள், சாட்சியங்கள், தொலைபேசி இலக்கங்கள் இருக்கும் கணினிக்கு, திருத்தப்படாத ஓட்டைகளுடன் இணையத்தில் நிற்பது கோப்பு அழிவதைவிட ஆபத்தானது. அழிந்தால் எங்களுக்கு இல்லாமல் போகும். திருடப்பட்டால் யாருடைய கையில் போகும் என்று தெரியாது.

இங்கேதான் உண்மையான அநியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓட்டையை அடைக்கும் திருத்தமும், பயனரின் பொருளில் கைவைக்கும் மாற்றமும் ‘அப்டேட்’ என்ற ஒரே பெயரில், ஒரே பொதிக்குள், ஒரே பொத்தானின் கீழ் வருகின்றன. ஒன்று வேண்டுமென்றால் மற்றதையும் எடுக்க வேண்டும். ஒருமுறை சொல்லாமல் எதையோ அகற்றியதைக் கண்ட பயனர், அடுத்த முறை எல்லாவற்றையும் சேர்த்து நிற்பாட்டிவிடுகிறார். கேட்காமல் கைவைத்ததன் விளைவாக, தேவையான பாதுகாப்பும் நிராகரிக்கப்படுகிறது. அந்த இளைஞரின் பயத்தை உருவாக்கியது அவரது அறியாமை அல்ல, நிறுவனங்களின் நடத்தை.

அகற்றுவதே கூடாது என்பதும் என் வாதமல்ல. அடோபியின் ஃபிளாஷ் மென்பொருள் தொடர்ச்சியாகப் பாதுகாப்புப் பிரச்சினைகளைத் தந்துகொண்டிருந்தது. அதை 2020 டிசம்பர் 31உடன் கைவிடப் போவதாக 2017 ஜூலையிலேயே அறிவித்தார்கள். மூன்றரை வருட அவகாசம். அதன்பின் விண்டோஸ் அப்டேட் ஃபிளாஷை அகற்றியது. அவ்வளவு அவகாசம் இருந்தும் தென்னாபிரிக்காவின் வருமான வரித் திணைக்களத்தின் படிவங்கள் சில ஃபிளாஷிலேயே தங்கியிருந்தன. அவற்றைத் திறப்பதற்கென்றே 2021 ஜனவரியில் அத்திணைக்களம் தனியாக ஓர் உலாவியை வெளியிட வேண்டி வந்தது. அரசாங்கத் திணைக்களத்துக்கே அந்த நிலை. ஆனாலும் ‘சொல்லவில்லையே’ என்று யாரும் குறைகூற முடியாது.

அதேபோல அப்பிள் நிறுவனம் 2019 ஒக்டோபரில் வெளியிட்ட மெக் இயங்குதளம், 32-பிட் வகைப் பழைய மென்பொருட்களை முற்றாக நிராகரித்தது. பலருக்கு அது பெரும் இழப்பு. ஆனால் 2018இலிருந்தே அத்தகைய மென்பொருளைத் திறக்கும்போது எச்சரிக்கை வந்தது. நிறுவுவதற்கு முன்னர் எவை வேலை செய்யாது என்ற பட்டியலும் காட்டப்பட்டது. பட்டியலைப் பார்த்துவிட்டு ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்ல முடிந்தது. ஆகவே சொல்லிவிட்டுச் செய்வது தொழில்நுட்ப ரீதியாக முடியாத காரியம் அல்ல.

2025 மார்ச்சில் நடந்ததும் குறிப்பிடத்தக்கது. அந்த மாத விண்டோஸ் அப்டேட் ஒன்று, மைக்ரோசொப்ட்டின் சொந்தச் செயலியான கோபைலட்டைச் சில கணினிகளிலிருந்து தவறுதலாக அகற்றிவிட்டது. நிறுவனம் உடனே பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, திரும்ப நிறுவும் வழியையும் சொல்லி, பிழையையும் திருத்தியது. தன்னுடையது காணாமற்போனபோது காட்டிய அதே வேகத்தை மற்றவர்களின் மென்பொருளுக்கும் காட்டும்படி கேட்பதில் தவறில்லையே.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த 770ஆம் இலக்கப் பணிப்புரை, 2022 ஜனவரி 1இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளொன்றை விற்றபின் அதில் மாற்றம் செய்வதானால், அதற்கு ஒப்பந்தத்தில் செல்லுபடியான காரணம் இருக்க வேண்டும், மேலதிகச் செலவு ஏற்படக்கூடாது, தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று அதன் 19ஆம் உறுப்புரை சொல்கிறது. மாற்றம் பயனரைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்குமானால், நியாயமான காலத்துக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். பயனர் 30 நாட்களுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகவும் உரிமை உண்டு.

எங்கள் நாட்டில், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அதிகாரமின்றி ஒரு கணினியில் மாற்றம் செய்வதைக் குற்றமாகப் பார்க்கிறது. ஆனால் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற அந்த ஒரு சொடுக்கு நிறுவனத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட தரவுகளைப் பற்றியது. விற்ற பொருளைப் பின்னர் மாற்றுவதைப் பற்றியதல்ல.

அழுத்தம் கொடுத்தால் மாற்றம் வருமா என்று கேட்பவர்களுக்கு, அந்த அம்மாவின் திரையில் இருந்த அறிவித்தலே பதில். விண்டோஸ் 10க்கு மேலும் ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெறலாம் என்று மைக்ரோசொப்ட் அறிவித்தது. அதற்கு 30 டொலர் செலுத்த வேண்டும், அல்லது கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்தின் இணையச் சேமிப்பில் பிரதியெடுக்கச் சம்மதிக்க வேண்டும், அல்லது அந்நிறுவனத்தின் வெகுமதிப் புள்ளிகள் 1,000 கொடுக்க வேண்டும். ஐரோப்பாவின் நுகர்வோர் அமைப்புகள் இதை எதிர்த்தன. 2025 செப்டெம்பரில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த நிபந்தனைகள் இன்றி இலவசமாகத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பாரிஸில் இருக்கும் மகனின் கணினிக்கு ஒரு விதி, கிளிநொச்சியில் இருக்கும் தாயின் கணினிக்கு இன்னொரு விதி. வித்தியாசம் கணினியில் இல்லை. கேட்பதற்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

அம்மாவுக்குச் சொன்ன பதில்

இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போனேன். அந்த இளைஞருடன் இருந்து செய்தவற்றை இங்கே எழுதுகிறேன். வேறு அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் உதவலாம்.

முதலில் எல்லாக் கோப்புகளையும் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி எடுத்தோம். இரண்டையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டினோம். ஒன்று அலுவலகத்தில், மற்றது வேறோர் ஊரில் ஒருவரின் வீட்டில். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் போகும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, பாமினிப் பிரச்சினை. பாமினியில் எழுதிய தமிழ், கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாமல் போனால் கோப்பு அழியாது, ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஒரு குவியல்தான் இருக்கும். கோப்பு அப்படியே இருந்தும் வாசிக்க முடியாத நிலை. ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக மாற்றினோம். முக்கியமானவற்றை யுனிகோட்டுக்கும் மாற்றி, பிழை பார்த்தோம். பேஜ்மேக்கர் கோப்புகளையும் பிடிஎஃப் ஆக்கினோம். நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கங்களின் படங்களாகச் சேமித்து வருகிறது. எந்த மென்பொருள் போனாலும் பக்கத்தின் படம் வாசிக்கக்கூடியதாக இருக்கும் என்பதே அதன் அனுகூலம்.

மூன்றாவது, கணினியில் உள்ள மென்பொருட்களின் பெயர்களைக் கொப்பி ஒன்றில் எழுதி, அவற்றை நிறுவும் கோப்புகளையும் பாமினி எழுத்துருவையும் ஒரு பென் டிரைவில் போட்டு வைத்தோம். அப்டேட் முடிந்தபின் கொப்பியைப் பார்த்துச் சரிபார்க்கலாம். எது போயிருந்தாலும் அந்தப் பத்து நாள் தவணைக்குள் தெரிந்துவிடும்.

நான்காவது, அப்டேட்டை நிரந்தரமாக நிற்பாட்டாமல், சில வாரங்கள் மட்டும் பிற்போடும் வசதியைப் பயன்படுத்தும்படி இளைஞருக்குக் காட்டினேன். 2019 மே மாதத்துக்குப் பின்னர் சாதாரண வீட்டுப் பாவனைப் பதிப்பிலும் 35 நாட்கள் வரை பிற்போடலாம். 2018 சம்பவம் சில நாட்களில் வெளிவந்தது. உடனே நிறுவாமல் காத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் எனக்கு மனம் முழுதாக ஆறவில்லை. ஒரு நாள் முழுக்க இருவர் இருந்து செய்த வேலை இது. யாரோ செய்யும் மாற்றத்துக்காக, பாதிக்கப்படக்கூடியவர்கள்தான் முன்னேற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. பாதுகாப்புத் திருத்தத்தை மற்ற மாற்றங்களிலிருந்து பிரித்துக் கொடுங்கள். எதை அகற்றப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே, எங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள். மறுக்க விடுங்கள். அகற்றினால் திரும்பப் பெறும் வழியையும் போதிய அவகாசத்தையும் கொடுங்கள். நிறுவனங்களிடம் கேட்பது இவ்வளவுதான். எங்கள் சட்டத்தில் இவற்றைச் சேர்க்கும்படி நாடாளுமன்றத்தில் இருப்பவர்களிடம் கேட்கலாம். ஐரோப்பாவில் எழுதப்பட்ட விதியைப் பார்த்து எழுதுவதற்குப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை.

வேலை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, இனி அமத்தலாம் என்றேன். அவர் உடனே அமத்தவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“இதில என்ன எழுதிக் கிடக்கெண்டு முதல் வாசிச்சுச் சொல்லுங்கோ பிள்ளை. பிறகு அமத்துறன்.”

முழுவதையும் வாசித்துத் தமிழில் சொன்னேன். ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம் எடுத்தது. நடுவில் இரண்டு இடங்களில் “அதெப்பிடி அவையள் சொல்லாமச் செய்யலாம்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கடைசியில் அமத்தினார்.